மரத்தில் பட்ட பந்து: அவுட்டா, இல்லையா?

20 ஜனவரி 2024 (ஒரு வாசகர் கேட்டது)

காணும் பொங்கலன்று எங்கள் ஊர் அணிக்கும் பக்கத்து ஊர் அணிக்கும் எட்டு ஓவர் கிரிக்கெட் ஆட்டம் நடந்தது. கடைசி ஓவரில் எங்களுக்கு ஐந்து ஓட்டங்கள் தேவைப்பட்டன. எங்கள் மட்டையாளர் தூக்கி அடித்த பந்து, எல்லைக்கோட்டுக்கு உள்ளே நிற்கும் வேப்பமரத்தின் கிளையில் பட்டுக் கீழே வந்தது. தரையைத் தொடுவதற்குள் எதிரணிக்காரர் ஒருவர் அதைப் பிடித்துவிட்டார். அவர்கள் அவுட் என்றார்கள், நாங்கள் இல்லை என்றோம், அரை மணி நேரம் பேசிவிட்டு ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டு கலைந்தோம். பரிசுப் பணம் இன்னும் பெட்டிக்கடை அண்ணனிடமே இருக்கிறது. சரியான தீர்ப்பு எது?

20 ஜனவரி, இரவு

அவுட் இல்லை, நான்கு ஓட்டங்கள். இங்கிலாந்தில் கென்ட் அணியின் கேண்டர்பரி மைதானத்தில் எல்லைக்கு உள்ளேயே ஒரு பெரிய லைம் மரம் நின்றது. பந்து அதில் பட்டால் நான்கு ஓட்டங்கள் என்றுதான் காலங்காலமாக அங்கே ஆடினார்கள். (லைம் என்றதும் நம் எலுமிச்சையை நினைத்துக்கொள்ள வேண்டாம், அது காய்க்காக வளர்க்கப்படாத, ஓங்கி வளரும் நிழல்மரம்.) 2005 ஜனவரியில் காற்றில் அது முறிந்து விழுந்ததும் அதற்குப் பதிலாக வேறொரு மரக்கன்றை வைத்தார்கள். முதல்தர ஆட்டத்துக்கே பொருந்திய விதி உங்கள் வேப்பமரத்துக்கும் பொருந்தும்.

21 ஜனவரி

நேற்று எழுதியது தவறு. தூங்கப் போகும் நேரத்தில் சட்டம் பேசக் கூடாது என்று என் தந்தையார் வேறொரு சந்தர்ப்பத்தில் சொன்னது இதற்கும் சரியாக இருக்கிறது.

கேண்டர்பரியில் நான்கு ஓட்டங்கள் கொடுத்ததற்குக் காரணம் மரத்தை எல்லையாகக் கொள்வது என்று முன்பே செய்துகொண்ட ஏற்பாடுதான்; மரம் என்றாலே நான்கு என்று பொதுச் சட்டம் எதுவும் கிடையாது. லண்டனில் இருக்கும் எம்.சி.சி. என்ற கிரிக்கெட் கழகம் வெளியிட்டு, இப்போது நடைமுறையில் உள்ள விதித்தொகுப்பின் 19ஆம் விதிப்படி, களத்துக்குள் இருக்கும் ஒரு தடையை எல்லையாகக் கருதுவதா என்பதை டாஸ் போடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். அப்படி முடிவு செய்யாத நிலையில், பறக்கும் பந்து அந்தத் தடையில் பட்டு, தரையைத் தொடும் முன் பிடிபட்டால், 33ஆம் விதிப்படி அது முறையான கேட்ச். நடுவர் மேலோ எதிர்முனையில் நிற்கும் மட்டையாளர் மேலோ பட்டு வரும் பந்தைப் பிடித்தாலும் அப்படித்தான்.

ஆகவே, டாஸுக்கு முன் மரத்தைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை என்றால், தம்பி, உங்கள் ஆள் அவுட். பெட்டிக்கடையில் இருக்கும் பணம் அவர்களுடையதாகவே முடியும் என்று தோன்றுகிறது. ஆனால் பேசவில்லை என்பது உறுதிதானா?

23 ஜனவரி

அந்த வாசகர் பதில் எழுதியிருக்கிறார்: டாஸுக்கு முன் பேசியது பரிசுப் பணத்தைப் பற்றியும் வைடு பந்தைப் பற்றியும் மட்டுமே, "மரத்தைப் பற்றிப் பேசத் தேவையில்லை, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்." இந்த ஒரு வாக்கியத்தைப் படித்த பிறகு இரண்டு நாள்களாக என் சொந்தக் கணக்கு ஒன்று தொந்தரவு செய்கிறது. அதை எழுதிவிடுகிறேன்.

1994 மே மாதம், சிவகங்கைப் பக்கத்தில் எங்கள் ஊருக்கும் இரண்டு கல் தொலைவில் இருக்கும் அடுத்த ஊருக்கும் பன்னிரண்டு ஓவர் ஆட்டம், அவர்கள் ஊர்க் கண்மாய்க்குள் நடந்தது. கோடையில் கண்மாய் வற்றினால் அதைவிடப் பெரிய மைதானம் அந்த வட்டாரத்தில் கிடையாது. கரைதான் பார்வையாளர் மேடை. கரையின் அடிவாரம்தான் ஒரு பக்கத்து எல்லை. பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் தரையில் நடுவில் ஒரு கீற்றுக்கு மட்டும் வண்டலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, மணல் நிரப்பிய தார்ப் பீப்பாயை உருட்டிக் கெட்டிப்படுத்தி, இருபத்திரண்டு எட்டு அளந்து ஸ்டம்பு நட்டிருந்தார்கள். யாருடைய எட்டு என்பதில் தொடங்கிய முதல் தகராறு, இரண்டு ஊரிலும் உயரமானவர் ஒருவரும் குள்ளமானவர் ஒருவரும் ஆளுக்குப் பதினோரு எட்டு வைப்பது என்று முடிந்தது. பந்து டென்னிஸ் பந்து. அது தரை வெடிப்புக்குள் விழுந்துவிட்டால், களத்தடுப்பவர் குப்புறப் படுத்துக் கையை விட்டு எடுக்கும் வரை ஓடிக்கொண்டே இருக்கலாம். எல்.பி.டபிள்யூ. (ஸ்டம்புக்கு வரும் பந்தைக் காலால் தடுத்தால் அவுட் என்பது) கிடையாது. பந்தயம் ஆளுக்கு ஐந்து ரூபாய், அணிக்கு ஐம்பத்தைந்து.

மட்டையாளரின் கால் பக்கத்தில் (லெக் பக்கம் என்பார்களே, அங்கே), ஏறத்தாழ அறுபது எட்டில், ஒரு நாட்டுக் கருவேல மரம் நின்றது.

நான் முதல் பந்திலேயே ஆட்டமிழந்தவன் என்பதால் நடுவராக நின்றேன். மட்டை பிடிக்கும் அணியே நடுவரைத் தருவதும், அந்த அணியில் எவன் முதலில் ஆட்டமிழக்கிறானோ அவனே அந்தப் பதவியைப் பெறுவதும் அப்போதைய வழக்கம். அதாவது, ஆட்டம் தெரியாதவன் என்று அன்றைக்கே நிரூபித்தவனிடம் தீர்ப்பு ஒப்படைக்கப்படும். எங்களுக்கு நான்கு பந்துகளில் ஏழு ஓட்டங்கள் தேவை. எங்கள் ஆள் இழுத்து அடித்த பந்து கருவேல மரத்தின் தலைக்கு ஏறியது; மரத்தடியில் நின்ற ஒல்லிப் பையன் ஒருவன் இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்; கரை முழுவதும் எழுந்து நின்றது.

"மரத்தில் பட்டது, அவுட் இல்லை" என்றேன். எங்கள் ஊர்க் களத்தில் அதுதான் விதி. அங்கே நிற்பவை பனைமரங்கள். பந்து பனையில் பட்டால் சுவரில் பட்டது போலத் திரும்பி வரும், அதைப் பிடிப்பதில் திறமை எதுவும் இல்லை என்பதால் மரம் பட்டால் அவுட் இல்லை என்று எங்களுக்கு முந்தையவர்கள் வைத்துவிட்டார்கள். "எங்கள் கண்மாயில் மரம் பட்டாலும் பிடித்தால் அவுட்தான், எப்போதும் அப்படித்தான்" என்றார் அவர்களுடைய தலைவர். டாஸுக்கு முன் யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான்!

நான் மாற்றவில்லை. மட்டை அவர்களுடையது, அதை எங்கள் ஆளின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆட்டம் முடிந்தது.

24 ஜனவரி

அந்த ஆட்டத்தில் என்னோடு ஆடியவர், இப்போது திருப்பூரில் இருக்கிறார், நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். தேவைப்பட்டது ஏழு இல்லையாம், மூன்றுதானாம். நான் முதல் பந்தில் ஆட்டமிழக்கவும் இல்லையாம். இரண்டு ஓட்டங்கள் எடுத்த பிறகு, தேவையில்லாமல் மூன்றாவதுக்கு ஓடி ரன் அவுட் ஆனேனாம். முப்பது ஆண்டுகளாகப் பூஜ்யம் என்று சொல்லிவந்த கணக்கில் இரண்டு கூடியதில் மகிழ்ச்சி. ஆனால் தேவை மூன்றுதான் என்றால், அந்த நாட் அவுட்டின் விலை நான் நினைத்திருந்ததைவிட அதிகம்.

28 ஜனவரி

"கிராமத்து ஆட்டத்துக்கு லண்டன் விதிப்புத்தகம் எதற்கு" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமாகத் தோன்றும் கேள்விதான். ஆனால் அந்தப் புத்தகத்தில் இருக்கும் சில விதிகளே ஊருக்கும் ஊருக்கும் நடந்த தகராறுகளிலிருந்து வந்தவை.

1771 செப்டம்பரில் இங்கிலாந்தில் சேர்ட்சி என்ற ஊரின் அணிக்கும், ஹாம்ப்ஷயரில் உள்ள ஹேம்பிள்டன் என்ற கிராமத்தின் அணிக்கும் ஓர் ஆட்டம் நடந்தது. சேர்ட்சிக்காக ஆடிய தாமஸ் வைட் என்பவர் ஸ்டம்புகளையே முழுதாக மறைக்கும் அகலத்தில் ஒரு மட்டையைக் கொண்டுவந்தார். அன்றைக்கு அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. மட்டை என்றால் எவ்வளவு அகலம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஹேம்பிள்டன்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்து, மட்டையின் அகலம் நான்கே கால் அங்குலமாக இருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். 1774இல் அது விதியாயிற்று. இன்றைக்கு உலகக் கோப்பையில் பிடிக்கும் மட்டைக்கும் அதே அளவுதான், 10.8 சென்டிமீட்டர்.

எனக்கு இதில் வியப்பானது வேறு. அந்த ஆட்டத்தில் ஹேம்பிள்டன் ஒரு ஓட்ட வித்தியாசத்தில் வென்றிருந்தது. வென்ற அணி உட்கார்ந்து புகார் எழுதியிருக்கிறது! நம் பக்கத்தில் வென்றவன் அன்று மாலையே எல்லாவற்றையும் மறந்துவிடுவான். தோற்றவன் மட்டும்தான் விதியை நினைவில் வைத்திருப்பான்.

2 பிப்ரவரி

ஊர்விதிகளைக் கேலி செய்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. பெரும்பாலும் அது பந்தின் விலை.

கிணற்றில் விழுந்தால் அவுட் என்பது கிணற்றில் இறங்க ஆள் கிடைக்காததால் வந்தது. ஓட்டுவீட்டின் மேல் விழுந்தால் அவுட் என்பது அந்த வீட்டுப் பாட்டியால் வந்தது. முதல் பந்து டிரையல் என்பது புதுக் களத்துக்கு வருகிறவன்மீது காட்டிய இரக்கம். பந்து தொலைந்தால் அடித்தவன் வாங்கித் தர வேண்டும் என்பதை நினைத்துத் தூக்கி அடிக்கவே பயந்த நல்ல மட்டையாளர்களை எனக்குத் தெரியும். 2000ஆம் ஆண்டு விதித்தொகுப்பின்படி, பந்து தொலைந்துவிட்டது என்று களத்தடுப்பவர்கள் அறிவித்தால் குறைந்தது ஆறு ஓட்டங்கள் கிடைக்கும். 2017 தொகுப்பில் அந்தத் தனி விதியை எடுத்துவிட்டு, பந்து ஆட்டத்திலிருந்து நீங்கும் சந்தர்ப்பங்களோடு சேர்த்துவிட்டார்கள். நாங்களோ பந்தைத் தொலைத்தவனுக்கு ஓட்டமும் கொடுக்காமல் தண்டமும் போட்டோம்.

யோசித்துப் பார்த்தால் அந்தக் கண்மாய்க்காரர்களின் விதிக்கும் இதே காரணம்தான் இருந்திருக்க வேண்டும். கருவேல மரம் முழுக்க முள். பந்து உள்ளே போனால் சில நேரம் வராது, வந்தால் சில நேரம் காற்றுப் போயிருக்கும். மரத்தின் பக்கம் அடிக்காதே என்பதைத்தான் அவர்கள் "மரம் பட்டாலும் அவுட்" என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பனைமரத்து விதியை அந்த முள்மரத்துக்குப் பொருத்திய நான், தீர்ப்புச் சொல்லவில்லை, விருந்துக்குப் போன வீட்டில் சமையல் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் அவர்களும் அந்தப் பக்கத்தை ஒழுங்காகக் காக்கவில்லை. ஸ்டம்பின் காலடியில் விழும் பந்தை யாராலும் மரத்துக்கு ஏற்ற முடியாது. டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானவர், அப்படிக் காலடியில் விழும் யார்க்கரால்தான் பெயர் பெற்றார் என்பதில் எனக்கு வியப்பில்லை. எழும்பும் டென்னிஸ் பந்தை எவனும் தூக்கி அடிப்பான். அதனால் எழும்பாத இடத்தில் போடப் பழகுகிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு வீசியவர் இடுப்புயரத்துக்குப் போட்டுக் கொடுத்தார்.

3 பிப்ரவரி

கேள்வி கேட்டவருக்கு ஒரு சிறு குறிப்பு. ஒருவேளை ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால், அவுட் ஆனவருக்குப் பதிலாக வரும் புதியவரே அடுத்த பந்தைச் சந்திக்க வேண்டும், ஓவர் முடிந்திருந்தால் தவிர. மட்டையாளர்கள் ஓடும்போது ஒருவரையொருவர் கடந்துவிட்டால் எதிர்முனைக்காரர் சந்திக்கலாம் என்ற பழைய முறையை 2022 அக்டோபர் 1 முதல் நீக்கிவிட்டார்கள். ஊரில் இன்னும் பழைய முறைதான் என்றால் அதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

4 பிப்ரவரி

"இரண்டு ஊருக்கும் பிறகு பகை இல்லையா" என்று கேட்கிறார்கள். பகைக்க முடியாது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் அவை. அவர்களுடைய தலைவர் எனக்கு மச்சான் முறை. மச்சானைக் கேலி செய்யலாம், கைவைக்க முடியாது. அன்றைய வாக்குவாதத்தில் பாதி அதனால் கேலியாகவே நடந்தது. "மாப்பிள்ளைக்குக் கண் தெரியவில்லை, பெண் பார்க்க வரும்போது யோசிப்போம்" என்று கரையிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

உறவு இல்லாத இரண்டு அணிகள் என்றால் கதை வேறு. ஒரே ஊரில் இரண்டு அணிகள் இருந்தால் அவை பெரும்பாலும் இரண்டு தெருக்கள். அந்தத் தெருக்கள் ஏன் இரண்டாக இருக்கின்றன என்பதை ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே ஒரு நாட் அவுட் ஒரு நாட் அவுட்டோடு நின்றுவிடாது. உங்கள் ஆட்டத்தில் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு கலைந்தீர்கள் என்று படித்தபோது, பிடுங்கியது கலைவதற்கு மட்டும்தான் என்று தெரிந்து நிம்மதியடைந்தேன்.

11 பிப்ரவரி

மரத்தடியில் கேட்ச் பிடித்த அந்த ஒல்லிப் பையன் மூன்று ஆண்டுகள் கழித்து என் தங்கையை மணந்தார். இந்த விவரத்தை இதுவரை எழுதாமல் இருந்ததற்குக் காரணம், அவர் இதைப் படிக்க மாட்டார் என்று நினைத்ததுதான். என் தங்கை படித்துக் காட்டியிருக்கிறாள்.

நேற்று இரவு அவர் பேசினார். "மச்சான், மரத்தில் பட்டால் அவுட்டா இல்லையா என்று மூன்று வாரமாக எழுதுகிறீர்கள். பந்து மரத்தில் படவே இல்லையே!" என்றார்.

நான் உடனே மறுத்தேன். பந்து மரத்தின் தலைக்குப் போன நொடியில் கருவேலங்காய்கள் பொலபொலவென்று உதிர்ந்ததை நான் பார்த்தேன். அதனால்தான் பட்டது என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். அவர் சிரித்தார். மே மாதக் காற்றில் அந்தக் காய்கள் நாள் முழுவதும் உதிர்ந்துகொண்டேதான் இருந்தன, காலையிலிருந்து அந்த மரத்தடியில் நின்றவருக்குத் தலை முழுவதும் காய், பந்து மரத்துக்கு முன்னால் தெளிவாக இறங்கியது, அதை அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். சொன்னாராம். பதினைந்து வயதுப் பையன் சொன்னதை அவருடைய அண்ணனே கேட்கவில்லையாம். எல்லோரும் மரத்து விதியைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்களாம்.

12 பிப்ரவரி

நேற்றைய குறிப்பில் அவர் தரப்பை மட்டும் எழுதிவிட்டேன். அவர் பிடித்த கேட்ச் அவருக்கு உயர்வாகத்தான் தெரியும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். மறுபக்கத்தில், எனக்குத் தேவைப்பட்டது நாட் அவுட், அறுபது எட்டுத் தொலைவில் காய் உதிர்வதைப் பார்த்தேன், பந்து பட்டதைப் பார்த்தேன் என்று நம்பிக்கொண்டேன். லெக் பக்கத்தில் நின்ற இன்னொரு நடுவர் மரத்துக்கு என்னைவிட அருகில் இருந்தார், எங்கள் அணிக்காரர்தான், அவரிடம் நான் கேட்கவே இல்லை. இரண்டு நடுவர்களும் ஐயம் வந்தால் கலந்துகொள்ளலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன் என்பதுதான் உண்மை. அவர் வேறு மாதிரி சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இருந்தது.

18 பிப்ரவரி

ஊருக்கு ஒரு காதுகுத்துக்காகப் போனபோது மைத்துனரும் நானும் அந்தக் கண்மாய்க்கு நடந்து போனோம். மரத்தைக் காட்டி வழக்கை முடித்துவிடலாம் என்று இருவருமே நினைத்திருந்தோம். மரம் இல்லை. 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டுக் கண்மாய்களில் பரவலாகக் கருவேல மரங்களை நட்டார்கள். வளர்ந்ததும் ஏலம் விட்டு வெட்டினார்கள். எங்கள் சாட்சியும் அப்படி விறகாகிப் போயிருக்கிறது. இப்போது அங்கே சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஆடுவதற்கு ஒரு கீற்று இடம்கூட இல்லை. பையன்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆடுகிறார்கள்.

மரம் நின்ற இடம் இதுதான் என்று அவர் ஓரிடத்தையும் நான் ஓரிடத்தையும் காட்டினோம். இரண்டுக்கும் இடையில் பத்து எட்டு இருந்தது.

ஒரு நடுவர் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் உடனடியாக மாற்ற வேண்டும் என்கிறது 2ஆம் விதி. முப்பது ஆண்டுகளை உடனடி என்று எந்த விதிப்புத்தகமும் ஒத்துக்கொள்ளாது. இருந்தாலும் கரைமேல் நின்று விரலை உயர்த்தினேன். "ஐம்பத்தைந்து ரூபாய்?" என்று கேட்டார். காதுகுத்து மொய்யில் சேர்த்து எழுதிவிட்டதாகச் சொன்னேன். அதில் அவருக்குத் திருப்தி இல்லை, ஏனென்றால் மொய் வாங்கியவர்கள் அவருடைய பங்காளிகள்.

9 மார்ச்

கேள்வி கேட்ட வாசகர் எழுதியிருக்கிறார். இரண்டு அணிகளும் பேசி, வரும் ஞாயிற்றுக்கிழமை முழு ஆட்டத்தையும் புதிதாக ஆடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள்; பெட்டிக்கடைப் பணமே பரிசு. வேப்பமரத்தைப் பற்றி ஒரு தாளில் எழுதி இரண்டு தலைவர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்: மரம் பட்டால் இரண்டு ஓட்டங்கள், கேட்ச் கிடையாது, பந்து அத்தோடு செத்தது. விதிப்புத்தகத்தில் இல்லாத இரண்டு என்ற எண்ணை எங்கே பிடித்தார்கள் என்று தெரியவில்லை. நான்குக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் பேரம் நின்ற இடமாக இருக்கும்.

அதோடு ஒரு புதுக் கேள்வியும் கேட்டிருக்கிறார். பந்து கிளையில் படாமல் இலையில் மட்டும் உரசிச் சென்றால் அது மரம் பட்டதாகுமா? பங்குனியில் வேம்பு பூத்துக் கொட்டுகிறது. பூ உதிர்ந்தால் பட்டதாகக் கொள்ளலாமா?

பூவை நம்பாதீர்கள் என்று பதில் எழுதினேன். இலையைப் பற்றி அந்தத் தாளிலேயே இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும், மரத்தடியில் நிற்கும் பையன் சின்னவனாக இருந்தாலும் அவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.